அம்மாவுக்காகப் பேசியவள்

நாங்கள் குடியிருக்கும் வீடு ஒரு டெப்பனருக்கு மேலே இருக்கிறது. பால், பாண், பியர், சிகரெட், லொத்தர் சீட்டு எல்லாம் விற்கும் மூலைக்கடையை மொன்றியலில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழில் பேசும்போதும் நாங்கள் அதற்கு வேறு பெயர் வைப்பதில்லை. கடையும் கட்டடமும் ஒரு சீனக் குடும்பத்துக்குச் சொந்தம். கடைக்குப் பின்னால் உள்ள அறைகளில் தகப்பன், தாய், மகள் மூவரும் இருந்தார்கள். கடையின் குளிரூட்டிகள் இரையும் சத்தம் எங்கள் படுக்கையறைத் தரை வழியாக மேலே வரும். எங்கள் மகள் பிறந்த புதிதில் அந்த இரைச்சலில் அவள் மூச்சுவிடுவது கேட்கவில்லையே என்று பயந்து, அவளுடைய மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். விரல் பட்டு அவள் விழித்துவிடுவாள். பிறகு இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை.

கணவருக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் இரவு வேலை. பகலில் அவர் தூங்குவார். நான் பிள்ளையின் வாயைப் பொத்தாத குறையாக வீட்டுக்குள் நடந்து திரிவேன். பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவைக் கூப்பிட எழுதிப் போட்டோம், விசா கிடைக்கவில்லை. அம்மா தொலைபேசியில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைக்கும் முறையைச் சொல்லச் சொல்ல நான் ஓம் ஓம் என்று கேட்பேன். அரைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த நாட்களில்தான் கீழ்வீட்டு அம்மா ஒரு மூடிபோட்ட சட்டியோடு மேலே வந்தார். கறுப்பு வினாகிரியில் இஞ்சியும் அவித்த முட்டையும் பன்றிக்காலும் போட்டுக் கொதிக்க வைத்த ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு அவர்களும் ஒரு மாதம் பத்தியம் பார்க்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் கைவைக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது, தலை மூட வேண்டும். அம்மா தொலைபேசியில் சொன்ன அதே சட்டங்களை இந்த அம்மா கையாலும் கண்ணாலும் சொன்னார். நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை. முட்டையை மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு, அதுவும் பிழையோ என்று யோசித்தேன். தன் மகள் மூலம் தெரிந்துகொண்டு அடுத்த முறையில் இருந்து கோழியும் இஞ்சியும் போட்டு அனுப்பினார். அந்த இஞ்சி வயிற்றுக்குள் இறங்கியபோது வந்த சூட்டை இன்றுவரை நான் மறக்கவில்லை. அதனால்தான் பிறகு நடந்தவற்றை எந்தப் பக்கம் நின்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய மகளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. கணக்கியல் படித்து முடித்திருந்தாள். ஆனால் பன்னிரண்டு வயதில் இருந்து அவளுக்கு வேலை அந்தக் கடை மேசைக்குப் பின்னால்தான். தாய்க்கும் தகப்பனுக்கும் பிரெஞ்சில் விலையும் பொஞ்சூரும் மெர்சியும் மட்டும் தெரியும். பியர் கொண்டுவருபவன் குறைத்து இறக்கினால் அவனோடு வாதாடுவது, நகரசபையில் இருந்து வரும் பரிசோதகருக்குப் பதில் சொல்வது, தாய்க்குக் காது வலித்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் எந்தக் காது என்று சொல்வது எல்லாம் அவள். பின்னால் இருந்து தகப்பன் சீனத்தில் கத்துவார். அவள் முன்னால் நிற்பவரிடம் அதைப் பிரெஞ்சில் பணிவாகச் சொல்வாள். வாடிக்கையாளர் திட்டினால் அதையும் குறைத்துத் தகப்பனிடம் சொல்வாள். பால் வாங்கப் போய் நின்று பார்த்திருக்கிறேன். அவள் வாய் திறக்காவிட்டால் அந்தக் கடையில் ஒன்றும் நகராது.

பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரியில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவதென்றால் பிரெஞ்சு வேண்டும். அவளைக் கேட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் கடை சோம்பலாக இருக்கும், ஒன்றரை மணித்தியாலம் மேலே போய் வரலாம் என்று தாய் விட்டார். மணமானவள், கைப்பிள்ளைக்காரி, வாடகைக்கு இருப்பவள் என்பதால் என் வீடு அவருக்கு நல்ல இடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவள் சொன்னதை நான் எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன். ‘அக்கா’ என்பதை மட்டும் அவள் தமிழாகவே கற்றுக்கொண்டாள்.

பாடத்துக்கு அவள் சொல்லும் வசனங்களில் அடிக்கடி ஒரே ஆள் வந்தார். பாண் கொண்டுவருபவர் இன்று தாமதமாக வந்தார். பாண் கொண்டுவருபவர் நாளை வருவார். பாண் கொண்டுவருபவர் வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

“எல்லா வசனத்திலயும் பாண்காரர் வாறார்” என்றேன். “ஒருநாளைக்காவது மீன்காரர் வரட்டுமே.”

“அக்கா, நீங்கள் வினைச்சொல்லைப் பாருங்கோ.”

“வினையைத்தான் பாக்கிறன்.”

அவள் சிரித்துப் புத்தகத்தை மூடினாள். அன்று பிறகு பாடம் நடக்கவில்லை.

பாண்காரரைப் பற்றித்தான் சொன்னாள். எயிட்டியில் இருந்து வந்த குடும்பத்துப் பெடியன். பிறந்து வளர்ந்தது மொன்றியலில்தான். காலையில் பாண் தட்டுகளை இறக்கி வைக்கும்போது இரண்டு வார்த்தை, பிறகு நாலு வார்த்தை, அப்படியே இரண்டு வருடம். ஒருநாள் தகப்பன் அவர்களைப் பாண் கொண்டுவரும் வானுக்குப் பக்கத்தில் நிற்கக் கண்டுவிட்டார். தகப்பன் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பாண் கம்பனியை மாற்றிவிட்டார். ஏன் இந்தக் கடைப் பாண் திடீரென்று மரத்தூள் மாதிரி ஆனது என்று எங்கள் தெருவில் எல்லோரும் குறைசொன்ன காலம் எனக்கு நினைவிருந்தது. காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவளுடைய கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தாயின் கைப்பேசி காட்டும். ரொறொன்ரோவில் தாய்க்குத் தெரிந்த ஊர்க்காரரின் மகன் ஒருவன் இருந்தான், கடை வைத்திருப்பவன். சீனப் புதுவருடத்துக்கு அந்தக் குடும்பம் அவளைப் பெண் பார்க்க மொன்றியலுக்கு வருவதாகப் பேசி முடித்திருந்தார்கள். வந்தால் அநேகமாக முடிந்த காரியம்தான்.

“அவர் கூடாத ஆளோ?” என்று கேட்டேன்.

“நல்ல ஆள் எண்டுதான் சொல்லினம். அவற்ற தாய் தகப்பனுக்கும் ஆங்கிலம் வராதாம்” என்றாள்.

எனக்கும் பேசிச் செய்த கலியாணம்தான். படம் பார்த்தேன், தலையாட்டினேன், வந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவரைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை அவளிடம் சொல்லப் போய், அவளைத் தடுப்பதுபோல இருக்குமோ, தூண்டுவதுபோல இருக்குமோ என்று இரண்டுக்கும் பயந்து விட்டுவிட்டேன்.

மார்கழி மாதத்து ஒரு ஞாயிறு, அவள் கைப்பேசியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குசினிக் கதவைப் பார்த்தாள். அந்தக் கதவைத் திறந்தால் பின்பக்கத்து இரும்புப் படி. இறங்கினால் ஒழுங்கை.

“அக்கா, ஒன்றரை மணித்தியாலம். இது இஞ்சயே இருக்கட்டும்.”

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை அழுதது, நான் எழும்பிப் போனேன், திரும்பி வந்தபோது கதவடியில் குளிர் மட்டும் நின்றது. அறைக்குள் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்படித் தொடங்கியது. ஞாயிறு தோறும் அவள் வருவாள், அரை மணி நேரம் அவசரமாகச் சொல்லித் தருவாள், பிறகு பெடியனைப் பார்க்கப் பின்படியால் இறங்குவாள். புவாண்ட்-கிளேரில் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைக்கும்போல இருந்தது. பக்கத்தில் இருவரும் ஒரு சின்ன வீடும் பார்த்து வைத்திருந்தார்கள். நான் ஜன்னலடியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். மேசையில் அவளுடைய கைப்பேசி ஒளிர்ந்தால் அதைக் கவிழ்த்து வைப்பேன். படியில் பனி உறைந்திருந்தால் விழுந்துவிடுவாளே என்று சனிக்கிழமையே உப்புத் தூவி வைத்தேன். தூவிக்கொண்டிருக்கும்போதே, எனக்குச் சோறு தந்தவரின் மகளை ஒளித்து அனுப்புவதற்கு நானே வழி துப்புரவாக்குகிறேனே என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே மிச்ச உப்பையும் தூவுவேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய நித்திரையும் கெடும் என்று எனக்குச் சமாதானம் சொன்னேன்.

அந்த முறை பொங்கல் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மின்னடுப்பில்தான் பொங்கினேன். பால் பொங்கும்போது புகை எச்சரிக்கை மணி அடித்துவிடக் கூடாது என்று கணவர் துவாயால் விசிறிவிட்டு, படைத்துக் கும்பிட்டதும் படுக்கப் போனார். பின்னேரம் அவள் வந்தாள், பொங்கிய புக்கையில் இரண்டு கரண்டி சாப்பிட்டாள், போனாள். நான் சோபாவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் வழக்கத்தைவிட முந்தி எழும்பிவிட்டார்.

“டீச்சர் வரேல்லையோ?”

“வந்திட்டுப் போட்டா” என்றேன். பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் குசினிக்குள் போனார். அங்கே கீழ்வீட்டு அம்மாவின் சட்டி கழுவித் துடைத்தபடி இருந்தது. ஒரு வீட்டில் இருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எதையாவது சமைத்து நிரப்பிக் கொடுக்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

“உந்தச் சட்டி எத்தினை நாளாக் கிடக்குது?”

“பேந்து நான் குடுக்கிறன்.”

“பேந்து பேந்து எண்டு நாள்தான் போகும். பொங்கலைப் பொங்கலண்டைக்கே குடுக்கிறதுதான் மரியாதை. நீர் இரும், பிள்ளை கண்ணயருது.”

“இஞ்சேருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். அவர் புக்கையைச் சட்டியில் நிரப்பி மூடியைப் போட்டுவிட்டார். பிள்ளை மார்பில் வாய் வைத்தபடி தூங்கத் தொடங்கியிருந்தது. உரத்துக் கூப்பிடவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. முன்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

கீழே நடந்ததை அவர் பிறகு சொன்னார். கடையில் ஒரு மனிதர் லொத்தர் சீட்டைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இவரைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு உயிர் வந்ததுபோல ஆகி, மேலே கையைக் காட்டி, மகளை வரச் சொல்லும்படி சைகை செய்திருக்கிறார். இவர் புக்கையைக் கொடுத்துவிட்டு, தன் ஆங்கிலத்தில், பாடம் முடிந்து அவள் எப்போதோ போய்விட்டாள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு விளங்காமல் இருக்கப் போகிறதே என்று கையாலும் காட்டியிருக்கிறார். அந்த அம்மா தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாராம், அதில் மகள் இன்னும் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தாளாம்.

இவர் திரும்பி வந்தபோது பின்னால் அந்த அம்மாவும் வந்தார். புக்கைச் சட்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

“அவ கீழ வரேல்லையாமே. போட்டா எண்டு சொன்னீர்?” என்று கணவர் கேட்டார்.

அந்த அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். மேசையில் கிடந்த கைப்பேசியைப் பார்த்தார். பக்கத்தில் விரித்தபடி கிடந்த பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் ஒரு சொல் இல்லை. எதைச் சொல்வதென்றாலும் இத்தனை நாளும் அவள்தான் நடுவில் நின்றாள். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவள் வர வேண்டியிருந்தது.

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தேநீர் வைக்கப் போனார்.

பிள்ளை விழித்துச் சிணுங்கியது. அந்த அம்மா சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டி, பழக்கத்தில் பிள்ளையை வாங்கி முதுகைத் தட்டினார். கோபத்தில் இருப்பவரின் கை அவ்வளவு மெதுவாக இருந்தது எனக்குத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்கதவு திறந்தது. குசினியில் கணவரின் குரல் கேட்டது. “உம்மட அம்மா முன்னுக்கு இருக்கிறா.” தமிழில்தான் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது.

தாயும் மகளும் கொஞ்ச நேரம் சீனத்தில் பேசினார்கள். குரல் உயரவில்லை, தாயின் மடியில் பிள்ளை இருந்தது. பிறகு தாய் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். தாய் மறுபடி சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள். கடையில் பரிசோதகரோடு பேசும்போது வரும் முகம் வந்தது.

“அம்மா உங்களிட்டச் சொல்லச் சொல்லுறா. நான் சொல்லுறதில்லை, அவ சொல்லுறா. ‘என்ர இஞ்சியைத் திண்டிட்டு என்ர பிள்ளையை ஒளிச்சு வச்சனியோ?’”

“ஒளிச்சு வைக்கேல்லை எண்டு சொல்லும்” என்றேன். “கதவை மறிக்கேல்லை. அவ்வளவுதான்.”

அவள் சொன்னாள். தாய் பதில் சொன்னார்.

“‘அது ரண்டும் ஒண்டுதான்’ எண்டுறா. எனக்கும் அப்பிடித்தான் படுது அக்கா, ஆனா உங்களுக்கு நன்றி.” அதையும் தாய்க்குச் சொன்னாள். தாய் அவளுடைய கையில் ஒரு தட்டுத் தட்டினார், பிள்ளையைத் தட்டிய அதே கையால்.

பிறகு தாய் நெடுநேரம் பேசினார். அவள் துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள். ஒன்றையும் விடாமல், குறைக்காமல் சொல்கிறாள் என்பது தெரிந்தது, தனக்கு எதிரானதையும். “‘வந்த நாளில இருந்து எனக்கு வாய் இல்லை. இவள்தான் என்ர வாய். இப்ப வாயைக் கழட்டிக்கொண்டு போறாள்’ எண்டுறா. ‘நாளைக்கு நான் விழுந்தால் அம்புலன்சுக்கு என்ன சொல்லுறது’ எண்டு கேக்கிறா. ‘அந்தப் பெடியன் நல்லவனோ கெட்டவனோ எனக்குத் தெரியாது, அவனோட கதைக்கவும் என்னால ஏலாது, அதுக்கும் இவள்தான் வேணும்’ எண்டுறா.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.” அவள் தாயைப் பார்த்துச் சீனத்தில் ஒரு வசனம் சொன்னாள். பிறகு என்னிடம், வழக்கம்போல, அதையும் மொழிபெயர்த்தாள். “‘அம்மா, இவ்வளவு வருசமும் நான் உங்களுக்காகக் கதைச்சன். எனக்காக ஒருக்காக் கதைக்க விடுங்கோ’ எண்டு சொன்னனான்.”

தாய் பிள்ளையை என்னிடம் திருப்பித் தந்தார். தந்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

“‘உன்ர மகள் இப்பிடிச் செய்தால் நீ என்ன செய்வாய்?’”

பிள்ளை என் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. நல்ல பதில்கள் பல என் மனதில் வந்தன. ஒன்றும் உண்மையாக இல்லை. நாளைக்குக் கார்டெரிக்குப் போய் இவளும் பிரெஞ்சு கற்றுக்கொள்வாள், நான் தடுமாறும் இடத்தில் இவளைத்தான் முன்னே விடுவேன், விட்டுவிட்டுப் பிறகு போக விடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. “எனக்குத் தெரியேல்லை எண்டு சொல்லும்” என்றேன். “நித்திரை இல்லை, யோசிக்க ஏலாமல் இருக்கு எண்டும் சொல்லும்.”

அவள் சொன்னது என் பதிலைவிட நீளமாக இருந்தது. தாய் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. அந்த அம்மா அதைக் கடைசிவரை குடித்தார்.

பிறகொரு நாள், அன்றைக்கு அம்மாவிடம் என்ன சொன்னீர் என்று கேட்டேன். “நீங்கள் களைச்சிருக்காட்டி என்ன சொல்லியிருப்பீங்களோ, அதைச் சொன்னன்” என்றாள். அது என்ன என்று கேட்டேன். “அழுவன், பேந்து கதவைத் திறந்துவிடுவன் எண்டு.” நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? அவள் என்னை என்னைவிட நல்லவளாக மொழிபெயர்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ரொறொன்ரோக்காரர் வரவில்லை. தாயே தொலைபேசி எடுத்து, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். கீழ்வீட்டில் யாரும் யாரோடும் பேசாத ஒரு மாதம் போனது. கணவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “ஜூலையில வாடகை ஒப்பந்தம் முடிய வீட்டை விடச் சொன்னால் எங்கை போறது?” என்று மட்டும் கேட்டார். விடச் சொல்லவில்லை. ஆனால் சட்டியும் மேலே வரவில்லை.

பங்குனி மாதத்தில், பனி கறுத்துக் கிடந்த ஒரு காலை, அவள் இரண்டு பெட்டிகளோடு கடை வழியாக வெளியே வந்தாள். பெடியன் காரை நிறுத்திவிட்டு நின்றான், கிட்ட வருவதா விடுவதா என்று தெரியாமல். தகப்பன் பெரிய பெட்டியைத் தூக்கி வந்து காரின் பின்னால் வைத்தார். பெடியன் கையை நீட்டினான். தகப்பன் கையைப் பார்க்கவில்லை. ஆனால் பெட்டி சரியாமல் இருக்க ஒரு பக்கத்தைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார். தாய் வெளியே வரவில்லை. நான் மேல்படியில் பிள்ளையைப் போர்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அக்கா, வினைச்சொல்லைப் பாடமாக்குங்கோ” என்றாள். கையைக்கூட ஆட்டவில்லை. அவள் போனபின், இவ்வளவு நேரமும் குளிரில் பிள்ளைக்குக் காது மூடியிருந்ததா என்று பார்த்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பால் வாங்கக் கீழே போனேன். கடை மேசைக்குப் பின்னால் தாய் தனியாக நின்றார். பியர் கொண்டுவந்தவன் பெட்டிகளை இறக்கிவிட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான், மறுபடி மறுபடி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரத்து. அந்த அம்மா பக்கத்தில் மகள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னித்ததும் இல்லை, கெஞ்சியதும் இல்லை. நீதானே கதவை மறிக்கவில்லை என்பதுபோல இருந்தது.

நான் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேசையடிக்குப் போனேன். வெறும் போத்தல்களைத் திருப்பி எடுப்பது பற்றித்தான் அவன் கேட்கிறான் என்று நினைத்து, தெரிந்த சொற்களை அடுக்கிப் பதில் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன்.